எஃப் கார்டு வரைக்கும் பிடித்துப் பார்க்கவும்

1. பெட்டியில் வந்த ஆறு

ஒரு நாள் காலை கடையில் ஆறு உகுலேலே, அதாவது நாலு கம்பிக் குட்டி கிட்டார்கள், வந்து இறங்கின. ஆறிலும் கம்பி தப்பாகப் போட்டிருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். இந்தக் குறிப்பை எழுதுவதற்குக் காரணமே அந்த முடிவுதான்.

புனே கேம்ப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வாத்தியக் கடை. அப்பா கட்கியில் ஆர்டினன்ஸ் ஃபேக்டரித் தொழிலாளி. எட்டாவதோடு என் படிப்பு நின்றுபோனதும் இங்கே பெட்டி கட்டச் சேர்ந்தேன். கட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்து கிட்டாருக்குக் கம்பி மாற்றக் கற்றுக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகளிடம் ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கம்பி போடுவேன். சுருதி பார்க்கிற கிளிப் ட்யூனரை மாட்டி, அதில் எழுத்து பச்சையாக வரும்வரை முறுக்குவேன். எல்லாக் கம்பியிலும் கையை ஒரு தடவை இழுத்துக் காட்டுவேன். அவ்வளவுதான்.

அதற்கு முன் கலர் கலரான சின்ன உகுலேலேதான் விற்போம். பிறந்தநாள் பரிசாக வாங்கிப் போவார்கள். பெட்டியைக்கூடப் பிரிக்க மாட்டோம். லாக்டவுனுக்கு அப்புறம், கிட்டார் வாசிக்கிறவர்களே வந்து, "பொம்மை வேண்டாம், ரொம்ப விலையும் வேண்டாம், நடுவில் ஒன்று காட்டுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதனால்தான் எங்கள் முதலாளி இந்த ஆறை வரவழைத்தார். டெனர் என்கிற கொஞ்சம் பெரிய சைஸ், மேல் பலகை மஹோகனி. அவரை எல்லோரும் காகா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்த வாரம் சாதாராவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

பிரித்துப் பார்த்தேன். கிட்டாரை மடியில் வைத்தால் மேலே தடித்த கம்பி இருக்கும், கீழே போகப் போக மெலிதாகும். இதில் மேலே இருந்த நாலாவது கம்பியே மெலிசு. அதற்கு அடுத்தது தடிப்பு. முதல் பெட்டியில் அப்படி இருந்ததும் ஃபேக்டரியில் யாரோ அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாவதும் அப்படியே இருந்தது. ஆறாவது வரை அப்படியே. எனக்கு வியர்த்துவிட்டது. கஸ்டமர் வந்து கேட்டால் கம்பி போடுகிறவள் தலையில்தான் விழும்.

ஒன்றரை நாள் உட்கார்ந்து ஆறையும் அவிழ்த்து, தடிப்பு வரிசைப்படி மாற்றிப் போட்டேன். ட்யூனரில் சி, ஈ, ஜி, ஏ என்று வந்தது. ஒன்றைவிட ஒன்று ஏறிக்கொண்டே போனது. ஏறுவரிசையில் வந்ததால் அதுதான் சரி என்று எனக்கு உறுதியாகிவிட்டது. முதல் உகுலேலேயில் மட்டும் தடித்த கம்பி மேல் பள்ளத்தில் உட்காரவில்லை. கழுத்து முடிகிற இடத்தில் கம்பிகளைத் தாங்க ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும், அதற்கு நட் என்று பெயர். அந்தப் பள்ளத்தை அரத்தால் ராவி அகலமாக்கினேன். மற்ற ஐந்திலும் கம்பியை அழுத்தினேன், உட்கார்ந்துகொண்டது.

கையை இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் கேட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டதுகூட உண்டு.

2. போசரிக்காரர்

மறுநாள் மத்தியானம் ஒருவர் மனைவியோடு வந்தார். நான் ஃபோனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அந்த அம்மாள், "நீங்க தமிழா? நல்லதாப் போச்சு" என்றார். எங்களைப்போலவே ஆற்காட்டுப் பக்கம். அவர் பெயர் தனசேகர், மனைவி சாந்தா. போசரியில் ஒரு கம்பெனியில் பவர் ப்ரெஸ் ஓட்டுகிறவர். கணபதி விழா சமயத்தில் தமிழ்ச் சங்க மண்டலி நிகழ்ச்சிகளில் இருபது வருஷமாக கிட்டார் வாசித்தவர்.

இடது கையை அவர் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். உகுலேலேயைக் கையில் கொடுத்தபோதுதான் வெளியே எடுத்தார். மோதிர விரலின் நுனி இல்லை. சுண்டுவிரல் மடங்கவில்லை.

"ப்ரெஸ்ல மாட்டிக்கிச்சு" என்றார் சாந்தா. "எட்டு மாசம் ஆவுது. கிட்டார சொவத்துல மாட்டி வெச்சிகினு பாத்துகினே கீறாரு. தொடறது இல்ல. நான்தான், நாலு கம்பியில ஏதோ ஒண்ணு வந்துகீதாமே, வந்து பாருன்னு இஸ்துகினு வந்தேன்."

"பொம்ம மாதிரி கீது" என்றார் அவர்.

"உன் கைக்கு இன்னா பீரங்கியா குடுப்பாங்க?"

அவர் சிரித்தார். இரண்டு விரல்தான் வேலை செய்கிறது, அதற்கு என்னென்ன வரும் என்று ஃபோனில் படம் பார்த்துவிட்டு வந்திருந்தார். முதலில் சி கார்டு, அதாவது சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற பிடி. நடுவிரலால் அடிக் கம்பியில் ஒரே அழுத்து. கையை இழுத்தார். கடை நிறைய இனிமையாகக் கேட்டது. சாந்தா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

அடுத்து எஃப் கார்டு பிடித்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும். இழுத்தார். தகரத்தில் ஆணி இழுத்தமாதிரி வந்தது.

விரலை எடுத்துப் பார்த்தார். ஃபோனில் படத்தைப் பார்த்தார். மறுபடி வைத்தார். அதே சத்தம். ஏ மைனர் பிடித்தார், அதுவும் கசந்தது. நான் ட்யூனரை மாட்டிப் பார்த்தேன். நாலு எழுத்தும் பச்சை. இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன். அதிலும் சி நன்றாக வந்தது, எஃப் நாராசம். மூன்றாவதிலும் அதே.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ட்யூனர் பொய் சொல்லாது. சி சரியாக வருகிற வாத்தியத்தில் எஃப் மட்டும் எப்படிக் கெடும்? அவருடைய கையில்தான் ஏதோ என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், "பழகப் பழக வந்துடும் அண்ணே" என்று சொல்லியும் விட்டேன்.

அவர் உகுலேலேயை மெதுவாகக் கவுண்டரில் வைத்தார்.

"விரலு போச்சின்னுதான் நெனச்சிகினு இருந்தேன். காதும் போச்சி. எஃப் எது, எஃப் இல்லாதது எதுன்னு கூட தெரியல."

"யோவ், இன்னொண்ணு பாப்போம்யா."

"வோணாம் சாந்தா. வீட்டுல கீறதையும் வித்துடலாம். எவனாவது கையி கீறவன் வாசிக்கட்டும்."

நம்பர் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். சாந்தா கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

3. வீடியோ கால்

நான் வீட்டுக்குக் கிளம்பினால் கடைப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். அன்றைக்கு வேலை ஓடவில்லை. ஒருவேளை மரம் சரியில்லையோ, மழையில் பலகை ஊறிவிட்டதோ என்று என்னென்னவோ யோசித்தேன். கடைசியில் காகாவுக்கு வீடியோ கால் போட்டேன். பின்னால் கல்யாண மேளம். அவர் பேசியது மராத்தி, இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"தலைப் பக்கம் காட்டு" என்றார். காட்டினேன்.

"செல்வி, இந்தக் கம்பிய யார் போட்டது?"

"நான்தான் காகா. தப்பா வந்திருந்திச்சு. மாத்திட்டேன்."

"அரே தேவா! எத்தன?"

"ஆறும்."

"ஆறும் ஒரே மாதிரி தப்பா வந்துச்சா?"

"ஆமா காகா. அச்சு அசலா ஒரே மாதிரி."

"ஆறும் ஒரே மாதிரி இருந்தா அது தப்பாம்மா? அது அப்படித்தாம்மா! உகுலேலேக்கு மேல் கம்பி மெலிசுதான். ஜி, சி, ஈ, ஏ. ஜி உசரத்துல நிக்கும். அதுதான் அதோட குரலே."

அப்போதுதான் விளங்கியது. நாலு கம்பியும் நாலு எழுத்தும் அதேதான், இடம்தான் மாறியிருந்தது. சும்மா இழுத்தால் நாலும் சேர்ந்து கேட்கும், அதில் வித்தியாசம் தெரியாது. சி கார்டும் தற்செயலாகத் தப்பித்துக்கொண்டது. விரல் வேறு கம்பிக்குப் போனவுடனே குட்டு வெளிப்பட்டுவிட்டது. அந்த மனிதரின் காது சரியாகத்தான் இருந்தது. அதைத்தான் அவர் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் ஆமாம் என்பதுபோல நின்றேன்.

ஐந்தை அன்றைக்கே பழையபடி மாற்றினேன். மிச்சமிருந்த ஒன்று, நான் ராவியது, மெலிசுக் கம்பி போட்டதும் ஜிர்ர் என்று அதிர்ந்தது. பள்ளம் அகலமாகிவிட்டதே. ராவினதை ஒட்டவைக்க முடியாது. அதை ஓரமாக வைத்தேன்.

தனசேகரை எங்கே தேடுவது? போசரியில் எத்தனை ப்ரெஸ் ஷாப் என்று கடவுளுக்குத்தான் தெரியும். இரண்டு நாள், கடை வாசலில் நிழலாடினால் எழுந்து நின்றேன்.

4. விற்க வந்த கிட்டார்

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். தோளில் கிட்டார் உறை. பின்னால் சாந்தா, முகம் தூக்கிவைத்திருந்தார். எங்கள் கடையில் பழைய வாத்தியங்களை வாங்கி விற்பதும் உண்டு. காகா அதற்குள் சாதாராவிலிருந்து திரும்பியிருந்தார்.

"இத எடுத்துக்கோங்க" என்று காகாவிடம் இந்தியில் சொன்னார்.

நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால் காகாவுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. என்னை உள்ளே கூப்பிட்டார். "நீ எதுவும் சொல்லாத. இப்ப சரியா இருக்கறத எடுத்துக் குடு. வாசிச்சுப் பார்த்துட்டு தானா சந்தோஷப்படுவாரு. கடை பேரு எதுக்குக் கெடணும்?"

காகா சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால், சொல்லாமல் கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்? அன்றைக்குக் காது போயிருந்தது, இன்றைக்கு வந்திருக்கிறது, நாளைக்கு மறுபடி போகும் என்று நினைப்பார். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வெளியே வந்தேன்.

"அண்ணே, அன்னிக்கி உங்க காது கரெக்டு. நான்தான் கம்பிய எடம் மாத்திப் போட்டுகினு இருந்தேன். ஆறுத்துலயும்."

அவர் என்னையே பார்த்தார். "ஆறுத்துலயுமா?"

"ஆமாண்ணே."

"அப்போ அந்த எஃப்பு..."

"அது எஃப்பே இல்லண்ணே."

சாந்தா தலையில் அடித்துக்கொண்டார். "மூணு நாளா எங்க வூட்டுல எழவு வூடு மாதிரி கீதும்மா! ரேடியோ கூட போட உடல இந்த மனுஷன்!"

திட்டட்டும் என்று நின்றேன். தனசேகர் திட்டவில்லை. கிட்டாரை இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். "குடுங்க பாப்போம்" என்றார்.

சரிசெய்த ஒன்றைக் கொடுத்தேன். எஃப் பிடித்தார். எஃப் வந்தது. கண்ணை மூடி மறுபடி பிடித்தார். மறுபடி வந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கட்டைவிரலால் மீட்டிவிட்டு முகம் சுளித்தார். "மேலேந்து எறங்கி வர்றப்போ ஒண்ணு மட்டும் எகிறி குதிக்குது. இருவது வருஷமா கட்டவெரலு கீழ் சொரம் கேட்ட கையி. அது கெடைக்கல."

காகா பாரிடோன் என்கிற பெரிய உகுலேலே ஒன்றை எடுத்தார். அது கிட்டாரின் கடைசி நாலு கம்பி மாதிரியே. கிட்டார்காரர்களுக்கு அதுதான் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தனசேகர் வாசித்த இரண்டாவது நிமிஷம் "ஸ்" என்று கையை உதறினார்.

"இது அப்படியே கிட்டாரு சத்தம். நுனி போன விரலு தானா பழைய எடத்துக்கு ஓடுது. இல்லன்னு அதுக்குத் தெரில. சின்னதுல கார்டு பேரெல்லாம் வேற. யோசிச்சி யோசிச்சி வெக்கிறதால ஓடல."

பெரியதில் கீழ் சுரம் இருக்கிறது, கை வலிக்கிறது. சின்னதில் கை வலிக்கவில்லை, கீழ் சுரம் இல்லை. அப்போது காகா என்னைப் பார்த்து, "லோ ஜி" என்றார்.

லோ ஜி என்பது உலோகம் சுற்றிய தடித்த கம்பி. மேல் கம்பியாகப் போட்டால் அதே ஜி கீழ் ஸ்தாயியில் பேசும். சாதாரண நட்டில் அது உட்காராது, பள்ளத்தை ராவி அகலமாக்க வேண்டும். ஏற்கெனவே ராவின ஒன்றுதான் ஓரத்தில் இருந்ததே.

போட்டேன். பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்தது. அதிர்வு இல்லை. அவரிடம் கொடுக்குமுன், "இதுல நட்ட ராவினதும் நான்தான் அண்ணே, தெரியாம. நாளைக்கி மெலிசு கம்பி போட்டா ஜிர்ருனு வரும். அப்ப நட்ட மாத்தணும்" என்றேன்.

"என் வெரலும் தெரியாம ராவினதுதான்" என்றார்.

"ஒடனே டயலாக்கு" என்றார் சாந்தா.

அவர் கட்டைவிரலால் மேல் கம்பியைத் தட்டினார். கீழ் சுரம் கடைக்குள் உருண்டது. எஃப் பிடித்தார், சி செவன்த் பிடித்தார், திரும்ப எஃப். இரண்டே விரல். மூன்று விரல் வேண்டிய கார்டு வந்த இடத்தில் நிறுத்தி, சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார். சாந்தா தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ரொம்ப நேரம் திரும்பவில்லை.

கிளம்பும்போது காகா கிட்டாரைக் காட்டி, "இது?" என்றார். சாந்தா உறையை எடுத்துக் கணவர் தோளில் மாட்டினார். "சொவரு காலியா கீது. அங்கியே தொங்கட்டும்."

5. கடைசியாக

அந்த லோ ஜி அவருக்கு உண்மையிலேயே பிடித்ததா, நான் கலங்கி நின்றதைப் பார்த்து எடுத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான். அடுத்த வருஷம் வந்து அதே கம்பி இன்னொன்று வாங்கிப் போனார். அதனால் பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எது நல்லது என்று கேட்பவர்களுக்கு இன்றும் என்னிடம் ஒரே பதில் கிடையாது. புதிதாகக் கற்கிறவருக்கு வந்தபடியே மெலிசு ஜி போதும். கிட்டார்காரர் என்றால், கட்டைவிரல் எதைத் தேடுகிறது என்று பார்த்துவிட்டு லோ ஜி சொல்வேன். பாரிடோனைக் கடைசியில் காட்டுவேன். முறுக்காணி சுற்றினால் வழுக்கக் கூடாது. கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினால் கீறக் கூடாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் ட்யூனரில் அதே எழுத்து வர வேண்டும். நடுத்தர விலையில் இவ்வளவு எதிர்பார்க்கலாம். வெறும் கம்பியை இழுத்துக் காட்டுகிற ஆளை நம்பாதீர்கள். நான் அந்த ஆளாக இருந்தவள்.

வந்தவர் தன் கையைக் குறை சொன்னால், முதலில் நம் கை என்ன செய்தது என்று பாருங்கள். பூட்டிலிருந்து கேஸ் அடுப்பு வரை எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான், அன்றைக்கு என் கை ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை.

இப்போது உகுலேலே கேட்டு யார் வந்தாலும் முதலில் நானே எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். சி பிடிக்கிறேன். அதோடு நிறுத்துவதில்லை. எஃப்பும் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் கையில் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த வாசிப்பு அவ்வளவுதான்.