காய்ந்த டிரம்முக்குள் காத்திருந்த உயிர்

சிக்குன்குனியா எங்கள் ஆம்பூரை நடக்கவிடாமல் முடக்கிப்போட்டதே, அதற்கு அடுத்த கோடையில் நடந்தது இது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்ப் பாத்திரங்களில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் குறிக்கும் தினக்கூலி வேலையில் இருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் யார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் பேசிப் பேசியே நுழைந்துவிடுவேன்.

எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. அதனால் தோல் பதனிடும் டேனரியிலிருந்து வாங்கிய பழைய நீல டிரம் இல்லாத வீடே கிடையாது.

அப்படி ஒரு வீட்டில், கம்பெனி ஷூவுக்குக் கைத்தையல் போடும் அக்கா ஒருவர் இருந்தார். முந்தின வருஷக் காய்ச்சலில் விரல் மடங்காமல் மாதக்கணக்கில் ஊசி பிடிக்க முடியாமல் கிடந்தவர். இப்போது மகள் எட்டு மாதக் கர்ப்பிணியாகப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். "எனுக்கு வந்தது எம்பொண்ணுக்கு வரக்கூடாதும்மா" என்பார், பார்க்கும்போதெல்லாம்.

"டிரம்மக் கவுத்துக் காய வைங்க, அது போதும்" என்று சொல்லியிருந்தேன். அந்தப் பங்குனியில் ஐப்பசி மாதிரி மழை கொட்டியது. சில நாள் கழித்துப் போய் டார்ச் அடித்தால், அவர் டிரம்மில் புழு நெளிகிறது!

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாக்கா, கவுக்கச் சொன்னா கவுக்கலியா? புள்ளத்தாச்சிய வூட்ல வெச்சிக்கினு?"

"அல்லா சத்தியமா ரெண்டு மாசமா கவுந்துதான் கெடந்துது. மழத்தண்ணி புடிச்ச கையோட துணியும் கட்டிட்டேன்."

"அப்போ புழு பஸ்ஸு புடிச்சி வந்துதா?"

வாசலில் நின்ற அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டது. டிரம்மைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்க வூட்டுக்காரருக்கு டேனரியில தோலு ஊறப்போடுற வேல. உப்பு போட்ட தோலு பலகையாட்டம் காஞ்சி வரும். தண்ணியில போட்டா பச்சத்தோலாட்டம் ஆயிடும். இதுவும் உள்ள எங்கியோ காஞ்சி ஒட்டிக்கினு இருந்துதோ, இன்னாவோ."

நானும் சிரித்தேன். பின்கட்டில் இன்னொரு டிரம் அந்த மழையிலும் கவிழ்ந்தே கிடந்தது. பந்தயம் மாதிரி அதை நிமிர்த்தி, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு குடம் ஊற்றி, வாயைத் துணியால் இறுகக் கட்டினோம்.

மறுநாள் மத்தியானம் அவிழ்த்தோம். வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு வெயிலில் பிடித்தேன். முதலில் வெறும் தண்ணீர்தான். கண் பழகியதும், இமைமுடியை நறுக்கித் தூவினது போல அத்தனை சின்னதாய் ஏதேதோ துடித்தன. டிரம்முக்குள் டார்ச் அடித்தால் சுவரெல்லாம் மிளகுத்தூள் போல முட்டைகள். மகள் வயிற்றில் கைவைத்தபடி, "தண்ணிக்காகவாம்மா இத்தினி நாளு காத்துக்கினு இருந்துது?" என்றாள்.

பயமும் வியப்புமாக எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே வாசலில், சிரித்தவர்கள் முன்னால், "தப்பு எம்மேலதாங்க்கா" என்றேன். காய்ந்தாலும் சாகாமல் ஒட்டியிருந்த முட்டைகள் போக, ரெண்டு டிரம்மையும் தேங்காய் நார் போட்டுச் சேர்ந்து தேய்த்தோம். மேலதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னால், "தேய்ச்சிக் கழுவணும்னு வேலைக்குச் சேந்த முதல் நாளே சொன்னேனே, நீதான் பக்கத்துல இருந்தவகிட்ட பேசிக்கினு இருந்தே" என்றார்!

வைகாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் காய்ச்சல் அண்டவில்லை. ஆரம்பத்தில் என் நோட்டில் புழுவே இல்லாத கோடைப் பக்கங்கள் உண்டு; காலம் தப்பிய மழைகள் வரவர அவையும் நிரம்பிவிட்டன. இன்றைக்கும் பங்குனியில் வானம் இருட்டினால், காய்ந்து கிடக்கும் டிரம்களில் எதெது விழிக்கப்போகிறதோ என்று நார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்; யார் வீட்டிலும் திட்டுவதற்கு முன்னால், அவர்கள் சொல்வதை ஒருதரம் முழுசாகக் கேட்டுவிடுகிறேன்.