பால்கனி வேண்டாம் என்றேன்

எங்கள் பனியன் கம்பெனியில் நான் வாயைத் திறந்தால் டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்யப் போன இடத்திலும் அதே வாய்தான். என் மனைவி பால்கனி உள்ள அறையைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

“ஜன்னலே இல்லாத ரூமாப் போடுங்க தம்பி. எனக்குப் பக்கெட் தண்ணியப் பார்த்தாலே தலை சுத்துமுங்க.”

டிராவல்ஸ் தம்பி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பைக் விபத்தில் எங்கள் மகன் போனதிலிருந்து மொட்டைமாடிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிற வீரன் நான்.

“ஏனுங்க, நான் குதிச்சுருவேன்னு பயமுங்களா?” என்றாள்.

ஒரு வருஷமாக நான் கேட்க நடுங்கிய கேள்வி. என் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனதை அவள் பார்த்துவிட்டாள்.

“எனக்கும் அந்தப் பயம் இருக்குதுங்க. அதுக்குன்னு ஜன்னல் இல்லாத ரூம்ல அடைஞ்சு கெடக்கறதுக்கு நம்ம ஊடே போதுமுங்களே. பால்கனியே போடச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க.”

அப்படியே எடுத்தோம். கடல் நீலமா பச்சையா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் தெரியாது. போய் வந்த நாளெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.