வேலிக்கு மேல் பூத்த துருக்கா

துருக்காவைப் பூக்க விடக்கூடாது. கரும்பு மாதிரி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஏப்ரல் பிறந்ததும் உச்சித் தோகைக்குள் விரல் தடிமனில் பூவைச் சூல் கட்டி வைத்திருக்கும். அந்தச் சூலோடு ஒடித்து, தோகையை உரித்து, தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டால் மீன்சினை மாதிரி நாக்கில் உதிரும். பூ வெளியே எட்டிப் பார்த்துவிட்டதோ, வாயில் பஞ்சுதான். தென்கடல் தீவில், ரேவா ஆற்றங்கரையில் இது தெரியாத பிள்ளை கிடையாது. விலிமைனாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் விட்டாள்.

அவள் தோட்டத்தில் எந்த மாதமும் சும்மா போகாது. மழைக்கு இஞ்சிப்பூ சிவக்கும்; வெயிலுக்குச் செம்பருத்தி; சட்டிக்குப் பேலேக் கீரையும் சேம்பிலையும் எப்போதும் உண்டு. காலையில் எழுந்து தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தொட வேண்டியதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தேநீர் இறங்கும். அந்த வருஷம் வேலியோரத்துத் துருக்காவில் பதினோரு சூல். சனிக்கிழமை சூவா பட்டணத்திலிருந்து மகன் வருகிறான், அவனுக்குத்தான் எல்லாம் என்று மனசுக்குள் முடிந்து வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் திதிலியா வந்து நின்றாள். விலிமைனாவின் தம்பி சாகியூசாவின் மனைவி.

"மதினி, துருக்கா வந்திருச்சா? ஒரு கட்டு குடுங்களேன்."

கேட்டவருக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. சட்டியைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும், போட்டிருக்கிற சட்டையைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். ஆனால், இன்னும் விளையவில்லை என்றால் அது இல்லை என்றதாக ஆகாது. பொய்யல்லவா என்றால், பொய்தான்.

"இன்னும் திரளலடி. மழை பிந்திருச்சுல்ல."

"உங்க பக்கம் மட்டும் பிந்திருச்சோ?"

"ஒன் பக்கம் துருக்காவே இல்ல, ஒனக்கு என்ன தெரியும்? போன வருஷம் நட கரணை குடுத்தேன். பன்னிக்குப் போட்டுட்டு இப்ப வந்து நிக்குற."

"பன்னியும் உங்களுக்குச் சொந்தந்தான மதினி. ஆசையாத் தின்னுச்சு."

இருவரும் சிரித்தார்கள். போகும்போது திதிலியா ஒரு தடவை தலை தூக்கி உச்சித் தோகையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விலிமைனாவும் பார்த்தாள்.

சனிக்கிழமை மகன் வரவில்லை. அடுத்த வாரம் என்று சொல்லி அனுப்பினான். அடுத்த வாரமும் வரவில்லை. ஒடித்துத் தானாவது தின்னலாமா என்றால், திதிலியாவின் அடுப்படி ஜன்னலைத் தாண்டித்தான் எடுத்துப் போக வேண்டும். கொதிக்கிற வாசனையை எங்கே ஒளிப்பது? இன்று நாளை என்று விட்டதில், மூன்றாம் வாரம் ஒரு காலையில் பதினொன்றும் வெடித்து, சேவல் வால் மாதிரி வேலிக்கு மேலே நின்று ஆடின.

விலிமைனா கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த திதிலியா திரும்பாமலே சொன்னாள்.

"வெட்டாதீங்க மதினி. அவரு பாத்துக்கிட்டு இருக்காரு."

"யாரு?"

"உங்க தம்பி. ஆஸ்பத்திரியிலருந்து வந்த நாளா அந்த ஜன்னலோரந்தான படுக்கை. ஒண்ணும் தொண்டையில இறங்கல. துருக்கான்னா ரெண்டு வாய் தின்பேன்னாரு."

"அவனுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி."

"என் பேரைச் சொல்லாதன்னுட்டாரு. அது அக்காகிட்ட நானே வாய் திறந்து கேட்ட மாதிரி ஆயிரும்னாரு." ஒரு துணியை உதறினாள். "எனக்குத் துருக்கா பிடிக்காதுன்னு கல்யாணம் ஆன வருஷமே உங்களுக்குத் தெரியும் மதினி."

தெரியும். கேட்ட அன்றைக்கு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. வர விடவில்லை என்பதுதான் சரி.

அங்கே அக்காவும் தம்பியும் ஆளான பிறகு முகம் பார்த்துப் பேசுவதில்லை. பகை இல்லை, மரியாதை. நாற்பது வருஷமாகத் தம்பியின் இருமலை வைத்தே அவன் சுகமா இல்லையா என்று அறிகிறவள் விலிமைனா. இந்த ஒரு மாதமாக அந்த இருமல் மெலிந்துகொண்டே போனதையும் தோட்டத்தில் நின்று கேட்டவள்தான்.

மன்னிப்புக் கேட்கப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை; கொண்டுபோனதை எடுத்துக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம். அன்று சாயங்காலம், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்துப் போய், திதிலியா வீட்டு வாசல் பாயில் வைத்து, தலை குனிந்து உட்கார்ந்தாள். சொல்ல நினைத்து வந்ததில் பாதிதான் வாயில் வந்தது.

"எனக்குன்னா இப்பவே எடுத்துக்குவேன் மதினி. அவருக்காக எடுத்துக்க எனக்கு உரிமையில்ல."

பாயில் வேர் அப்படியே கிடந்தது. உள்ளே இருமல் கேட்டது. பிறகு சாகியூசா, மனைவியிடம் பேசுகிற மாதிரி:

"எடுத்துக்கோ திதிலியா. வாசல்ல இருக்கிறவங்ககிட்டச் சொல்லு, பூ நல்லாருக்குன்னு. இந்த வயசுக்குத் துருக்கா பூத்து இப்பத்தான் பாக்குறேன். எந்த வருஷம் விட்டுவச்சோம்?"

திதிலியா மூன்று முறை கை தட்டி வேரை எடுத்துக்கொண்டாள். வழக்கப்படி அதோடு முடிந்தது. விலிமைனாவுக்கு முடியவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பாள். அன்று தின்னவில்லை.

மறுநாள் விடிந்ததும், பூத்த தட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றில் கரணை வெட்டினாள். தம்பி வீட்டு ஜன்னலுக்குக் கீழே மண்ணைக் கொத்தி நட ஆரம்பித்தாள். இனி யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். படுத்தபடி கையைக் காட்டினால் போதும்.

திதிலியா வந்து பக்கத்தில் நின்றாள். "இது அடுத்த ஏப்ரலுக்குத்தான மதினி வரும்."

"ஆமா."

பன்னி வராமல் இருக்கத் திதிலியா முள் கொண்டுவந்து போட்டாள். தலைக்கு மேலே ஜன்னலில் குரல் கேட்டது, விலிமைனா நிமிரவில்லை.

"திதிலியா, ரொம்ப நெருக்கமா நடுறாங்கன்னு சொல்லு."

சொல்வதற்குத் திதிலியா வாய் திறக்குமுன், விலிமைனா கடைசிக் கரணையைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நட்டாள்.