நெஞ்சை மறைத்த கை

பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் எனக்கு வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றது. பொம்பளைப் பிள்ளையாகப் பிறந்தேன். ஆம்பளையாக இருக்கேன். ஊசி, ஆபரேஷன் எதுவும் அப்போது ஆகலை. பழைய வேட்டியைக் கிழித்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுவேன். மேலே ரெண்டு சட்டை.

என்னோடு இருந்தவள் பீடி சுற்றுவாள். ரெண்டு பேருக்கும் முப்பது வயசுப் பக்கம். வாடகை வீட்டில் ஒரு வருஷம் சேர்ந்திருந்தோம். அவள் முன்னால் ஒருநாளும் கட்டை அவிழ்த்ததில்லை. விளக்கை அணைத்தாலும் சட்டை உடம்பிலேயே கிடக்கும். நான் அவளைத் தொடுவேன். அவள் கை என் பக்கம் வந்தால் தட்டிவிடுவேன். ஒருதரம் தட்டின வேகத்தில் வளையல் உடைந்து அவள் கையில் ரத்தம். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்த்துவிட்டால் அவளுக்கும் நான் பொம்பளை ஆயிருவேன். அது ஒண்ணுதான் எனக்குப் பயம்.

சேரன்மகாதேவியிலிருந்து அவள் அண்ணன் மூணு பேரோடு வந்தான். மத்தியானம். பட்டறை வாசலில் பிடித்தார்கள்.

“ஏட்டி, நீதான் எங்க வீட்டு மாப்பிள்ளையாட்டி?”

கூட வந்தவன் சிரித்தான். “மாப்பிள்ளைக்கு மீசையக் காணுமே. சட்டையக் கழத்திப் பாத்திருவோம்லே.”

கம்பியால் அடித்தார்கள். அடி விழுந்தால் எவனும் தலையைத்தான் மறைப்பான். நான் ரெண்டு கையாலும் நெஞ்சை மறைத்தேன். பல் ரெண்டு போச்சு. புருவம் பிளந்தது. விலாவில் மிதித்தபோது முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கையை எடுக்கலை. சட்டைதான் கிழிந்தது. பட்டறை அண்ணாச்சி சுத்தியலோடு ஓடிவந்த பிறகு விட்டார்கள்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்றேன். அங்கே சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். அண்ணாச்சி ஆட்டோவில் வீட்டில் இறக்கினார்.

உள்ளே வீங்க வீங்கக் கட்டு இறுக்கியது. மூச்சு பாதிதான் வந்தது. அவள் பீடி இலை வெட்டுகிற கத்திரியை எடுத்து வந்தாள்.

“கைய எடும்.”

“வெளிய போ.”

“போவமாட்டேன். நீரு செத்தா யாரு தூக்குவா? எங்க அண்ணனா?”

கையை எடுத்தேன். கட்டை வெட்டினாள். ரத்தத்தில் ஒட்டின துணியைப் பைய உரித்தாள். நான் கண்ணைத் திறக்கலை. மூச்சு வந்தது. என் சட்டை ஒன்றைப் போட்டு மூடினாள்.

“ஆஸ்பத்திரிக்கு எந்திரும். எம் புருசன்னு நான் சொல்லுதேன்.”

விலா எலும்பு ஒட்ட ஒன்றரை மாசம் ஆனது. அப்புறம் ஒருநாள் கேட்டாள். “எங்கன தொடலாம், எங்கன கூடாது? வாயத் தொறந்து சொல்லும்.”

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. தோள் என்றேன். கொஞ்சம் கழித்து முதுகு என்றேன். அதுக்கு மேல் சொல்ல வரலை.

தோளில் கை வைத்தாள். தட்டிவிடலை.