வயிற்றில் வைத்த பொட்டு

அன்றைக்கு இருந்தவர்கள்: சோதனை பார்க்க வந்த அதிகாரி. மிஷினைச் செய்த இன்ஜினியர் மேடம். ரிமோட் பிடிக்கிற பைலட் தம்பி. கூட்டித் துடைக்கிற அக்கா. மூட்டை கட்டி ஏற்றி இறக்குகிற நான். முதலாளி வரவில்லை. அவர் போனில்தான் வருவார்.

ஷெட் திருமுடிவாக்கத்தில். முன்பு தகடு வெட்டும் மிஷின் ஓடிய இடம். கூரை நல்ல உயரம். உள்ளே நாலு பக்கமும் மேலேயும் வலை. கிரிக்கெட் பழகுகிற இடத்தில் கட்டுவார்களே, அதுபோல. இந்தப் பக்கம் தாம்பரம் ஏர்ஃபோர்ஸ், அந்தப் பக்கம் மீனம்பாக்கம். வெளியே பறக்க விடமாட்டார்கள். எங்கள் மிஷின் கூண்டுக்குள்தான் பறக்கும்.

அதற்கு ஆறு கை, ஆறு காற்றாடி. ஆள் ஏறிப் போகிற ஏர் டாக்சி செய்யவேண்டும் என்பது மேடத்தின் எண்ணம். இது அதன் சின்ன உரு. ஆளுக்குப் பதில் இரண்டு பக்கமும் மணல் மூட்டை.

"எப்போண்ணா நாம தாம்பரத்துல ஏறி ஏர்போர்ட்ல எறங்குறது?" என்று பைலட் தம்பி கேட்பான்.

"மொதல்ல மூட்ட ஏறி எறங்கட்டும்" என்பேன்.

மூட்டையோடு ஒரே உயரத்தில் பதினைந்து நிமிடம் நிற்கவேண்டும். அதுதான் சோதனை. முன்பு ஒரு தடவை நிற்கவில்லை. இந்தத் தடவையும் நிற்காவிட்டால் ஷெட்டைக் காலி செய்வதாக முதலாளி சொல்லிவிட்டார். மேடம் அதை எங்களிடம் மறைக்கவில்லை. எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். அக்காவுக்கு வேறு வேலை கிடையாது. திருநீர்மலையிலிருந்து நடந்தே வந்துபோகிறவர். எனக்கும் வேறு வேலை கிடையாது.

அதிகாரி வந்தது ஆயுத பூஜை முடிந்த மறுநாளுக்கு மறுநாள். பூஜை நன்றாகச் செய்தோம். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். அக்காதான் சந்தனம் குங்குமம் வைத்தார். காற்றாடிக்கு, லேப்டாப்புக்கு, எடை மிஷினுக்கு, தீயணைக்கிற சிலிண்டருக்கு. என் சுத்தியலுக்கும் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடவில்லை. மறுநாள் லீவு. அதனால் ஓட்டிப் பார்க்கவில்லை. அதிகாரி வருகிற அன்று காலையில் காற்றாடிப் பொட்டை மட்டும் தம்பி துடைத்தான்.

மூட்டை கட்டினேன். அதிகாரி எடை பார்த்துக்கொண்டார். எல்லோரும் வலைக்கு வெளியே வந்தோம்.

மிஷின் எழும்பியது. ஆள் உயரம் வந்தது. அங்கே நிற்கவேண்டும். நிற்கவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது. போய் மேல்வலையில் முட்டியது.

"எறக்கு, எறக்கு" என்றார் மேடம்.

தம்பி ரிமோட்டில் தன் கையாலேயே ஓட்டி இறக்கினான். மூட்டை சாய்ந்து உட்கார்ந்தது. ஒன்றும் உடையவில்லை.

"போன தடவ கீழ வந்துச்சு. இந்த தடவ மேல போவுது" என்றார் அதிகாரி. கிண்டல் இல்லை. பார்த்ததைச் சொன்னார்.

மேடம் லேப்டாப்பைப் பார்த்தார். "இன்னும் தரையிலதான் இருக்கேன்னு நினைக்குது சார். அதான் ஏறிட்டே போகுது."

பிறகு மேடம் தரையில் மல்லாந்து படுத்து, தலையை மிஷினுக்கு அடியில் விட்டார்.

"அக்கா, இங்க வாங்க."

அக்கா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மிஷினின் அடிவயிற்றில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி உண்டு. தரை எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சொல்வது அதுதான். அதன்மேல் சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். அழகாக இருந்தது.

"இன்னாக்கா இது?" என்றான் தம்பி.

"கண்ணு மாரி இருந்துச்சுப்பா. எல்லாத்துக்கும் வெச்சிட்டு கண்ண வுட்டா நல்லாவா கீது? படுத்துகினு வெச்சேன்."

அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் பையை எடுத்தார்.

"எங்க போறீங்க? ஈரத்துணி கொண்டாங்க" என்றார் மேடம்.

சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. துணி முரடு, கண்ணாடி கீறிவிடும் என்று மேடம் தயங்கினார். அதிகாரி தன் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து நீட்டினார். அக்காவே படுத்துத் துடைத்தார். வைத்தவர் கை. பதமாகத் துடைத்தார்.

"இத இன்னான்னு எழுதறது? அழுக்குன்னு எழுதட்டா?" என்றார் அதிகாரி.

"பொட்டுன்னே எழுதுங்க சார்" என்றார் மேடம்.

எழுதிக்கொண்டார்.

இன்னொரு தொல்லை இருந்தது. பேட்டரி ஒரு செட்தான். மற்ற செட் உப்பிப்போய் மணல் வாளியில் கிடந்தது. இருந்த செட்டில் கொஞ்சம் செலவாகிவிட்டது. சார்ஜ் ஏற்ற நேரம் இல்லை. அதிகாரி மதியம் காட்டாங்குளத்தூர் காலேஜில் இருக்கவேண்டும்.

"வேற நாள் வெச்சிக்கலாமா?" என்றார்.

"வேற நாள் இல்ல சார்" என்றார் மேடம். "இருக்கிறதுல பார்க்கிறோம்."

மூட்டையை நேராக்கிக் கட்டினேன். முடிச்சை இழுத்துப் பார்த்தேன். வெளியே வந்தேன். அதிகாரி வாட்ச்சை அழுத்தினார்.

இந்தத் தடவை ஆள் உயரத்தில் நின்றது. ஆணி அடித்து மாட்டியதுபோல. மூட்டைகூட ஆடவில்லை. தூசி சுற்றியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். துப்பட்டா பறந்து முகத்தில் விழுந்தது, மேடம் அதை ஒதுக்கவில்லை.

நெடுநேரம் கழித்து ரிமோட் கத்த ஆரம்பித்தது.

"சார்ஜ் கம்மி மேடம்."

"தாங்குமா?"

"தாங்கும். தாங்கணும்."

அதிகாரி வாட்ச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிமோட் விடாமல் கத்தியது. பிறகு சத்தம் மாறியது. இனி நிறுத்தாவிட்டால் விழும் என்று தம்பி சொன்னான். மேடம் தலையை ஆட்டினார். அவன் இறக்கினான். இரண்டு மூட்டையும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்தன. காற்றாடி நின்றது.

அதிகாரி வாட்ச்சை அழுத்திவிட்டு மேடத்திடம் காட்டினார். மேடம் பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லதா கெட்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அக்காதான் கேட்டார். "எவ்ளோ சார்?"

"பதினாறு."