அணைக்கக் கூடாத சுவிட்ச்

என் தங்கை புவனாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: திருத்தணியில் உட்கார்ந்தபடி பதினொரு கடைகளின் வலைத்தளங்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்கிறாள். நான் ஒன்பதாவதோடு நின்று தையலுக்குப் போனவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அவள் படித்த படிப்பு எனக்குப் புரியாது. ஆனால் அந்தப் பதினொரு பெயரையும் வரிசையாகச் சொல்வேன்.

அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதும் இடது கை போனைத் திறந்து ஒவ்வொரு தளமாகப் பார்க்கும். போன ஆடியில் அது இன்னும் மோசமானது. குமரேசன் என்பவருடைய லாட்ஜுக்கு அறை பதிவு செய்யும் பக்கம் இவள் பொறுப்பில் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு நகரி, புத்தூர் பக்கமிருந்து காவடி எடுத்து வருகிறவர்கள் அதில்தான் அறை பிடிப்பார்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை அது நின்றது. இரண்டு முறையும் அவர்தான் முதலில் பார்த்துக் கூப்பிட்டார்.

"இன்னொரு தபா நான் உனக்குச் சொல்ற மாதிரி ஆச்சுன்னா மெட்ராஸ் ஆளுங்ககிட்ட குடுத்துடுவேம்மா. கிருத்திகை வந்துகினு இருக்குது, பாரு."

மற்ற பத்துக் கடைகளும் அவர் சொல்லி வந்தவைதான். அவர் போனால் எத்தனை மிஞ்சும் என்று புவனா என்னிடம் கேட்கவே இல்லை. கேட்காமலே கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாரையும் வாசல் விளக்கையும் நேரத்துக்குப் போட்டு அணைக்க அவள் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தாள். இரண்டு தீப்பெட்டி அளவுதான், டிவிக்குப் பின்னால் கிடக்கும். அதற்கே தளங்களைக் கவனிக்கும் வேலையையும் பழக்கினாள். நிமிடத்துக்கு ஒரு முறை அது பதினொரு தளங்களின் கதவையும் தட்டும். மூன்று முறை தட்டியும் பதில் இல்லை என்றால் அவள் போனுக்குச் செய்தி வரும், சமையலறை பல்பு சிவப்பாகும்.

"கொழம்பு கொதிக்கிறப்போ செவப்பா எரிஞ்சா பயமா இருக்குதுடி" என்றேன்.

"பயந்தாதான்க்கா என்னைக் கூப்புடுவ."

கிருத்திகைக்கு முந்தின ஞாயிறு அம்மையார்குப்பத்தில் எங்கள் பெரியம்மா வீட்டுத் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பஸ்ஸை நிறுத்தி வைக்க புவனா முன்னால் ஓடினாள். நான் என் வழக்கப்படி கேஸ், குழாய், பின்கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் பார்த்தேன். பிறகு வீட்டில் உள்ள அத்தனை சுவிட்சையும் விரலால் தொட்டு அணைத்துப் பூட்டினேன். பத்து முப்பத்தைந்து.

அங்கே அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு கூழ் குடித்தாள். பன்னிரண்டு மணிக்கு, "ஒண்ணுமே வரலக்கா" என்று சிரித்தாள். இரண்டு மணிக்கும் அதையே சொன்னாள். அப்போது சிரிக்கவில்லை. மூன்றரைக்கு எழுந்து நின்றுவிட்டாள்.

"தொட்டி ரொம்பிச்சுன்னு மூணு மணிக்கு மெசேஜ் வரணுமே. மோட்டார் ஓடலயா?"

"எப்படி ஓடும்? ஒரு சுவிட்ச் விடாம அணைச்சுட்டுதான் வந்தேன்" என்றேன் பெருமையாக.

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காவல் வைத்த பெட்டியை நானே அணைத்திருக்கிறேன். அணைந்த பெட்டி எந்தச் செய்தியும் அனுப்பாது. செய்தி வராததையே, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

லாட்ஜ் பக்கத்தைப் போனில் திறந்தாள். வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரே நேரத்தில் நிறையப் பேர் நுழைந்து திணறி நின்றிருந்தது. வேப்பமரத்தடியில் நின்றபடியே, போனிலிருந்தே அதை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். நான்கு நிமிடத்தில் வந்துவிட்டது.

"அவரு கூப்புடலயே. வுடுடி, தெரியாமலே போவட்டும்" என்றேன்.

"நான்தானே மொதல்ல சொல்லணும்னு அவரு சொன்னாரு?" என்று அவர் எண்ணை அழுத்தினாள். "அண்ணா, பேஜ் நின்னுபோச்சு. இப்ப ஓடுது. எப்போ நின்னுச்சுன்னு எனக்கே தெரியல. வீட்ல பெட்டியை அணைச்சுட்டோம்."

அணைச்சுட்டோம் என்றாள். நான் போனைப் பிடுங்கினேன். "நான்தாங்க அணைச்சேன். அவளுக்குத் தெரியாது. பத்து முப்பத்தஞ்சுக்கு."

"ஆங்... நேரத்தை இவ்ளோ கரெக்டா சொல்றீங்க. பெட்டிக்குப் பதிலா உங்களையே வெச்சிருக்கலாம்" என்றார் குமரேசன். பிறகு அவரே பார்த்துச் சொன்னார், கடைசியாக அறை பதிவானது பகல் ஒன்று பத்துக்கு. "கிருத்திகை முடியட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

மறுநாளே புவனா என் கடையில் இரண்டாவது பெட்டியை வைத்தாள். அதுவும் பதினொரு கதவையும் தட்டும், கூடவே வீட்டுப் பெட்டியையும் தட்டும். வீட்டுப் பெட்டி இதைத் தட்டும். தையல் மிஷினுக்கு மேலே ஒரு பல்பு. இரண்டு இடத்திலும் பெட்டியின் சுவிட்ச் மேல் சிவப்பு பிளவுஸ் துணியை ஒட்டினேன். பூட்டும்போது விரல் அங்கே போய் நின்று திரும்பும்.

கிருத்திகை இரண்டாம் நாள் பகல் பதினொன்று இருபதுக்கு மிஷின் மேல் சிவப்பு. வெளியே மஞ்சள் துணிக் கூட்டம், அரோகரா சத்தத்தில் போனில் எதுவும் கேட்கவில்லை. கத்தினேன். "வீட்ல கரண்ட் போச்சுக்கா, பேஜ் ஓடுது!" என்று அவளும் கத்தினாள். கரண்ட் வரும்வரை என் கடைப் பெட்டிதான் தனியாகப் பார்த்துக்கொண்டது. திருவிழா மூன்று நாளும் லாட்ஜ் பக்கம் நிற்கவில்லை.

நான்காம் நாள் குமரேசன் கடைக்கே வந்தார். பல்பை அண்ணாந்து பார்த்தார்.

"இதுல ஒண்ணு என் கவுண்டர்லயும் மாட்டச் சொல்லுங்க. வேலை உங்க தங்கச்சிகிட்டயே இருக்கட்டும்."

ஓடிப்போய்ச் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன்.

"அய்யோ, இனிமே அவரும் பாத்துகினே இருப்பாராக்கா?" என்றவள், உடனே போனைத் திறந்தாள்.