அப்பா கொடுத்த டாக்டர் பட்டம்

நான் படித்தது டாக்டருக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த வருஷம் இதைச் சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை. சொன்னபோதும் ஒருவரும் நம்பவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம். சுபாங் விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி புக்கிட் ரோத்தான் பக்கம் திரும்பி, எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்றது. இறங்கி நான் இன்னும் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, வேலை மேற்பார்க்கும் மண்டோர் முன்னால் வந்து கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டினார்.

"பாப்பா, இங்க பாரு. உட்கார்ந்தா எந்திரிக்க முடியல. என்னான்னு பாரு."

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். ஒருவர் வாயைப் பிளந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். நான் பேந்தப் பேந்த விழித்தேன். இரண்டு வருஷத்தில் இந்தத் தோட்டத்துக்கு என்ன பிடித்தது? ஏன் எல்லாரும் உடம்பைத் திறந்து காட்டுகிறார்கள்? பதற்றத்தில் என் வாயில் முதலில் வந்தது ஸ்பானிய மொழி. "நோ எந்தியேந்தோ" என்றேன், புரியவில்லை என்று.

"கேட்டீங்களா, மருந்து பேரு சொல்லுது" என்றாள் எதிர்வீட்டுச் சித்தி.

எங்கள் அப்பா தோட்டத்து லோரி ஓட்டுபவர். கூட்டம் கலைந்ததும் அவரைப் பிடித்தேன். "அப்பா, இவங்ககிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"நான் எங்கம்மா சொன்னேன்? கோலசிலாங்கூர்ல பாய் கடையில டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். மக வெளிநாட்டுல டாக்டருக்கா படிக்குதுன்னு கேட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல. அவ்வளவுதான்லா."

"ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? நீயே சொல்லு. நீ படிச்சது என்ன?"

சுர்ரென்று ஏறிய கோபம் அப்படியே இறங்கிவிட்டது. என்ன படித்தேன்? கோஸ்டா ரிக்காவுக்குப் போனேன். முதல் ஆறு மாதம் ஒரு குடும்பத்தோடு தங்கி ஸ்பானிய மொழி படித்தேன். பிறகு காட்டோரத்தில், பெரிய வாழைத் தோட்டத்திலிருந்து தண்ணீர் வடிகிற ஆற்றில் இறங்கி, அங்கே எந்த மீன் இருக்கிறது, எந்தத் தவளை காணாமல் போனது என்று பார்த்து எழுதினேன். காட்டையும் ஆற்றையும் கெடுக்காமல் மனிதன் தோட்டம் போட்டுப் பிழைக்க முடியுமா என்பதுதான் படிப்பு. இதற்குத் தமிழில் ஒரு வார்த்தை சொல் என்றால் எனக்கு அன்றைக்கு வரவில்லை.

அம்மாவுக்கு மட்டும் போகும்போதே எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லியிருந்தேன். அப்போது அவள் கேட்ட கேள்வி இது: "தவளை பாக்கவா அம்புட்டு தூரம் போற? பின்னாடி சாக்கடையில ராத்திரி பூரா கத்துதே, அதெல்லாம் தவளை இல்லையாடி?" இருந்தாலும் என்னை அனுப்பி வைத்தவள் அவள்தான். செம்பனை வரிசைகளில் டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு களைக்கு மருந்து அடிக்கிற பெண்கள் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அந்த வேலைக்குக் கூலி கொஞ்சம் கூட வரும்.

அடுத்த சில நாட்கள் வாழ்க்கை நாறிப்போனது. காய்ச்சல் என்று வந்தவரை டிரெசரிடம் போங்கள் என்று அனுப்பினேன். டிரெசர்தான் தோட்டத்து மருந்தகத்துக்குப் பொறுப்பு. "பெரிய டாக்டருங்க சின்ன நோவைத் தொடமாட்டாங்க" என்று அதற்கும் விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். பாய் கடையில் என்னிடம் டீக்குக் காசு வாங்க மறுத்தார்கள். "ஐயோ, நான் டாக்டர் இல்லைங்க" என்றால், "பெரிய படிப்பு படிச்சவங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க" என்றார் கடைக்காரர். கத்தலாம் போலிருந்தது. யாரிடம் கத்துவது? எல்லாரும் அன்பாக அல்லவா இருக்கிறார்கள்!

ஒரு சாயங்காலம், அம்மாவோடு மருந்தடிக்கப் போகிற எதிர்வீட்டுச் சித்தி வந்து கையை நீட்டினாள். நகங்கள் கறுத்து, ஓரம் வெடித்து, விரல் நுனியிலிருந்து பிய்ந்து நின்றன. அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது என்றும் சொன்னாள்.

அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். இந்த நகத்தை எனக்குத் தெரியும்! வாழைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற பெண்கள் எத்தனை பேரைப் படிப்புக்காகக் கேட்டிருப்பேன். "தே துவேலென் லாஸ் ஊன்யாஸ்?" நகம் வலிக்கிறதா? மூக்கில் ரத்தம் வருகிறதா? மருந்தைக் கலக்கும்போது கையுறை தருகிறார்களா? எல்லாம் அந்த மொழியில் கேட்டுப் பழகியவை. சித்தியிடம் கேட்க வாயெடுத்தால் தமிழில் கேள்வி நொண்டுகிறது. ஒருவழியாகக் கேட்டேன். கையுறையாவது மண்ணாவது, தகர டப்பாவில் அள்ளி வாளியில் ஊற்றிக் கையாலேயே கலக்குவோம் என்றாள்.

அன்றைக்குச் சோறு போடும்போது அம்மாவின் கையைப் பார்த்தேன். பிடித்து விளக்குப் பக்கம் இழுத்தேன்.

"விடுடி, குழம்பு கொட்டுது."

"எத்தனை நாளா இப்படி?"

"மருந்து பட்டா அப்படித்தான் இருக்கும். எல்லாருக்கும் இருக்கு."

நான் போவதற்கு முன்பே இப்படித்தான் இருந்ததா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அம்மாவின் கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் கடல் தாண்டி ஏதோ ஊரில் ஒரு பெண்ணின் இடது கட்டைவிரல் நகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இதென்ன கிறுக்கு? சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மேல் கோபமா, மருந்தின் மேலா, அம்மாவின் மேலா, எதுவும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த மருந்து டின்னை அம்மா முதுகிலிருந்து இறக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அவளிடம் சொன்னேன், கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். "வாழைத் தோட்டத்துல நடந்ததை இங்க வந்து சொல்லாத" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவள் கூட்டத்தில் இருக்கிற பெண்கள் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள் என்று எனக்குத் தோன்றியது. தனியாக எதையும் செய்கிற ஆள் இல்லை அம்மா. கோயிலுக்குப் போனாலும் நாலு பேரோடுதான் போவாள்.

மறுநாள் குழாயடியில் மருந்தடிக்கிற பெண்கள் எல்லாரும் இருந்தார்கள், அம்மாவும் குடத்தோடு நின்றாள். உண்மையைச் சொல்லியே பார்ப்போம் என்று தொடங்கினேன். நான் டாக்டர் இல்லை அக்கா, நான் படித்தது ஆறு, மீன், தவளை, அங்கேயும் இப்படி மருந்தடிக்கிற பெண்கள், அவர்களுக்கும் இதே நகம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கேட்டுவிட்டு எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"தவளைக்கா டாக்டரு? நல்லா தமாஷ் பண்ணுது பாப்பா" என்றாள் சித்தி. குடங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தொடங்கினார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "நில்லுங்க!" என்று கத்திவிட்டேன். "சரி, நான் டாக்டர்தான். டாக்டர் சொல்றேன். நாளையிலேர்ந்து யாரும் அந்த டின்னைத் தொடக்கூடாது. தொட்டா கையும் போகும், நெஞ்சும் போகும். புரியுதா?"

கிளம்பியவர்கள் நின்றார்கள். சித்தி குடத்தைக் கீழே இறக்கிவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா என்னையே பார்த்தாள். நான் செய்தது சரியா, மகாபாவமா? அதுவும் தெரியவில்லை.

விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்குப் போனேன். ஆட்களைக் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற இடம் அது. நான் ஸ்டோர் ஓரமாக நின்றுகொண்டேன். மருந்து டின்கள் வரிசையாக இருந்தன. சித்திதான் முதலில் வாயைத் திறந்தாள். "மண்டோரே, டாக்டரம்மா மருந்து அடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நாங்க தொடமாட்டோம்." மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். கூலி குறைந்தாலும் பரவாயில்லையாம்.

மண்டோர் எகிறுவார் என்று பயந்தேன். அவர் தலையைச் சொறிந்தார். என் பேச்சைக் கேட்டு நடக்கத் தொடங்கியதில் அவருக்கு முழங்கால் கொஞ்சம் தேவலையாம். இடையில் ஒருநாள் தொல்லை தாங்காமல் நான் சொன்னது உட்கார்ந்தே இருக்காதீர்கள் என்பது மட்டும்தான். "டாக்டரம்மா சொன்னா சரியாத்தான்லா இருக்கும். போங்க, உதிரி பொறுக்குங்க, துரைகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். செம்பனைக் குலையிலிருந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் வேலை. பெண்கள் சாக்குகளை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. பொய்யோ மெய்யோ, காரியம் நடந்துவிட்டதே!

அப்புறம்தான் கவனித்தேன். ஒருத்தி மட்டும் குனிந்து மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கலக்கி முடித்து டின்னை முதுகில் ஏற்றினாள், வாரைத் தோளில் இழுத்து மாட்டினாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அம்மா! எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்க. நேத்து நான் சொன்னது கேட்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் தூக்கறீங்க?"

அம்மா கோபமாகப் பார்க்கவில்லை. வாரைச் சரி செய்தபடி, மற்றவர்கள் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அவங்களுக்கு டாக்டரு சொல்லிச்சு, விட்டாங்க. எனக்கு எந்த டாக்டரு சொல்லிச்சு?"

என் கையை மெல்ல விலக்கிவிட்டு, காலியாகக் கிடந்த வரிசையில் மருந்து அடித்துக்கொண்டே போனாள்.